தோத்த மீன் எங்க போகும்? ரீஃப் தொட்டிக்கு மீன் தேர்ந்தெடுப்பது எப்படி

இன்னைக்கு எபிசோட் மெரைன் தொட்டி பத்தி. அதுலயும் நீங்க ரொம்ப நாளா கேட்டுட்டு இருக்கிற ஒரே ஒரு கேள்வி: எந்த மீனோட எந்த மீனைப் போடலாம்?

கடைக்குப் போனா இதுக்கு ஒரு சார்ட் காட்டுவாங்க. பச்சைக் கட்டம்னா சேரும், சிவப்புன்னா சேராது, மஞ்சள்னா 'பார்த்து வைக்கணும்'. சார்ட் தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அது காரணத்தைச் சொல்லாது. நமக்குப் பிடிச்ச மீனெல்லாம் எப்பவும் அந்த மஞ்சள் கட்டத்துலதான் உட்கார்ந்திருக்கும். 'பார்த்து வைக்கணும்'னா எதைப் பார்க்கணும்? அதைத்தான் இன்னைக்குப் பேசப்போறோம்.

முதல்ல கடல்ல என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்கலாம். டிவியில பவளப்பாறையைக் காட்டும்போது எல்லா மீனும் ஒத்துமையா ஊர்வலம் போற மாதிரி இருக்கும். உண்மையில அது நெரிசலான மார்க்கெட் தெரு. ஒவ்வொரு பொந்துக்கும் ஒரு ஓனர் உண்டு. ஒவ்வொரு பாசித் திட்டுக்கும் ஒரு காவல்காரன் உண்டு. டேம்சல்னு ஒரு குடும்பம் இருக்கு. அதுல சில வகை, விரல் நீளம்தான் இருக்கும், ஆனா தன் பாசித் தோட்டத்துக்குப் பக்கத்துல முக்குளிக்கிற மனுஷன் வந்தாக்கூட முட்டிப் பார்க்கும்.

சண்டை தினமும் நடக்கும். ஆனா பெரும்பாலும் சில விநாடிதான். தோத்தது ஓடிடும். ஜெயிச்சது கொஞ்ச தூரம் துரத்தும், அப்புறம் 'நம்ம பொந்தை எவனாவது பிடிச்சுடப் போறான்'னு திரும்பிடும். கணக்கு முடிஞ்சுது. கடல்ல சமாதானம் இருக்குதுன்னா, மீன் நல்ல குணமா இருக்கிறதால இல்ல. ஓட இடம் இருக்கிறதால.

இப்ப நாலு அடித் தொட்டிக்கு வாங்க. மொத்த நீளமே 1.2 மீட்டர். அதே மீன், அதே சண்டை. தோத்தது ஓடுது, கண்ணாடியில முட்டுது. திரும்புது, அதே பகையாளி நிக்குது. கடல்ல அஞ்சு விநாடியில முடியவேண்டிய தகராறு, இங்க காலைல விளக்கு எரிஞ்சதுல இருந்து ராத்திரி அணையுற வரைக்கும் ஓடும். கடிபட்டு நேரடியா சாகுற மீனை விட, பயந்து மூலையில ஒதுங்கி, சாப்பாட்டுக்கு வராம, உடம்பு தளர்ந்து, கடைசியில வெள்ளைப்புள்ளி நோய் வந்து சாகுற மீன்கள் நிறைய. நாமளும் 'நோய் வந்து போயிடுச்சு'ன்னு சொல்லிட்டு அடுத்த மீன் வாங்கப் போயிடுவோம். நோய்க்கு முன்னாடி நடந்தது நம்ம கண்ணுல படாது.

அதனால 'இந்த ரெண்டும் சேருமா'ன்னு நான் கேட்கிறதில்ல. 'இதுல தோக்கப்போறது யாரு? தோத்தா அது எங்க போகும்?' இப்படித்தான் கேட்பேன். இன்னைக்குச் சொல்லப்போற மத்த எல்லா விஷயமும் இந்த ஒரு கேள்விக்குள்ள அடங்கிடும்.

இன்னொரு விஷயம். நாம மீனை அழகுக்காக வாங்கறோம். நிறம்தான் நம்மளை இழுக்குது. ஆஸ்திரியாவைச் சேர்ந்த கான்ராட் லோரன்ஸ்னு ஒரு விலங்கு நடத்தை ஆய்வாளர், பின்னாடி நோபல் பரிசு வாங்கினவர், 1963-ல வந்த தன்னோட புத்தகத்துல பவளப்பாறை மீன்களைப் பத்தி விரிவா எழுதினார். அவர் கவனிச்சது: போஸ்டர் மாதிரி பளிச்னு இருக்கிற மீன்கள், மத்த இனத்தை விட தன் இனத்தையேதான் ரொம்ப மூர்க்கமா அடிக்குது. அந்த நிறமே 'இது என் இடம், என்னை மாதிரி இருக்கிறவன் கிட்ட வராதே'ங்கிற அறிவிப்புப் பலகைன்னு அவர் விளக்கினார். இது எல்லா மீனுக்கும் அப்படியே பொருந்தாதுன்னு பின்னாடி வந்தவங்க காட்டியிருக்காங்க. ஆனா தொட்டி வைக்கிறவனுக்கு அந்தக் கவனிப்பு தங்கம். கடையில நம்மளை மயக்குற நிறம், இன்னொரு மீனுக்கு மிரட்டலா இருக்கலாம். அதே மாதிரி ரெண்டு வாங்கிப் போட்டா ஜோடியா அழகா இருக்கும்னு நினைக்கிறோம் பாருங்க, அங்கதான் வம்பு ஆரம்பிக்குது.

சரி, கடையில நிக்கும்போது ஒவ்வொரு மீனையும் பார்த்து நாலு கேள்வி கேளுங்க.

ஒண்ணு, இதோட வாய் எவ்வளவு பெருசு? மீனுக்கு அடுத்த வீட்டுக்காரன்னு ஒரு நினைப்பு கிடையாது. வாய்க்குள்ள போற அளவுல இருந்தா அது சாப்பாடு.

ரெண்டு, தொட்டியில ஏற்கனவே இருக்கிறவங்கள்ல இது யாரை மாதிரி இருக்கு? உடம்பு வடிவம், நிறம், சாப்பிடற பொருள், தூங்கற பொந்து. இதுல எவ்வளவு ஒத்துப்போகுதோ அவ்வளவு போட்டி.

மூணு, முழுசா வளர்ந்தா எவ்வளவு நீளம்? கடையில இருக்கிறது பெரும்பாலும் குட்டி. எம்பரர் ஏஞ்சல்னு ஒரு மீன் இருக்கு. குட்டியா இருக்கும்போது கருநீலத்துல வெள்ளை வளையம் வளையமா இருக்கும். வளர்ந்தா மஞ்சள் கோடு, 40 சென்டிமீட்டர். ரெண்டையும் பக்கத்துல வச்சா ஒரே மீன்னு சொல்லவே மாட்டீங்க.

நாலு, பயந்தா இது எங்க ஒளியும்? மணல்லயா, பொந்துலயா, மேல தண்ணியிலயா? அந்த இடம் காலியா இருக்கா?

இதை ஒரு உண்மையான பட்டியல்ல போட்டுப் பார்த்தாதான் புரியும். கோயம்புத்தூர்ல இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருந்தாங்க. காலேஜ் முடிச்சு முதல் வேலை, முதல் மெரைன் தொட்டி. நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கணக்குல சுமார் 250 லிட்டர், பாறையும் மணலும் கழிச்சா 200-ஐ ஒட்டி வரும். உலர் பாறை வச்சு, ஆறு வாரம் சைக்கிள் பண்ணி, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம்னு டெஸ்ட் கிட்ல பார்த்துட்டாங்க. இதுவரைக்கும் பிரமாதம். பின்னாடி கொஞ்சம் மென்பவளம் வைக்கிற யோசனை இருக்கு. அடுத்த வாரம் மீன் வாங்கப் போறாங்க. வேலைக்குச் சேர்ந்து சேர்த்த காசு. ஒரே தடவையில எல்லாத்தையும் வாங்கிட்டா வண்டி வாடகை மிச்சம்னு ஒரு பட்டியல் போட்டு, 'அண்ணா, சரியா இருக்கா?'ன்னு கேட்டிருக்காங்க.

பட்டியல் இதுதான். க்ளௌன் 2, ப்ளூ டேங் 1, க்ரீன் க்ரோமிஸ் 5, சின்ன லயன்ஃபிஷ் 1, மாண்டரின் 1, சிக்ஸ் லைன் ராஸ் 1, வண்ணத்துப்பூச்சி மீன் 1, ராயல் கிராமா 1, ஃபயர்ஃபிஷ் 1. மொத்தம் 14. ப்ளூ டேங் பக்கத்துல அடைப்புக்குறிக்குள்ள 'தம்பிக்காக'ன்னு எழுதியிருக்காங்க. புரியுதுல்ல? தம்பி டோரி படம் பார்த்திருக்கான்.

ஒவ்வொண்ணா பார்ப்போம் தங்கச்சி.

லயன்ஃபிஷ்ல இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா அது சுலபம். கடைக்காரர் 'ரீஃப் சேஃப்'னு சொல்லியிருப்பார். பொய் இல்ல. லயன்ஃபிஷ் பவளத்தைத் தொடாது. ஆனா 'ரீஃப் சேஃப்'ங்கிற வார்த்தைக்கு 'பவளத்தைக் கடிக்காது'ங்கிறது மட்டும்தான் அர்த்தம். பக்கத்துல நிக்கிற இறாலையும் சின்ன மீனையும் முழுங்காதுன்னு அதுல எங்கயும் சொல்லல. உங்க பட்டியல்ல இருக்கிற ஃபயர்ஃபிஷ், க்ரோமிஸ் எல்லாம் அதுக்கு டிஃபன். போதாக்குறைக்கு முதுகு முள்ளுல விஷம். தொட்டிக்குள்ள கையை விட்டு வேலை பார்க்கப்போறது நீங்க. வேண்டாம்.

வண்ணத்துப்பூச்சி மீன். இது நேர் எதிர். மத்த மீன்கிட்ட சாது. ஆனா இந்தக் குடும்பத்துல பல வகைக்கு உயிருள்ள பவளத்தோட பாலிப்தான் சாப்பாடே. சில வகை வேற எதையுமே தொடாது. பவளம் இருந்தா அதைத் தின்னும், இல்லைன்னா தானே பட்டினி கிடக்கும். 'காப்பர்பேண்ட் மட்டும் பரவாயில்ல, தொல்லை பிடிச்ச ஐப்டேசியா அனிமோனைத் தின்னும்'னு சொல்வாங்க. தின்னக்கூடும். ஆனா நாம போடற தீனியைப் பழக்கறது ரொம்பக் கஷ்டம். முதல் தொட்டிக்கு வேண்டாம்.

அடுத்து சிக்ஸ் லைன் ராஸும் மாண்டரினும். தனித்தனியா பார்த்தா ரெண்டும் நாலடித் தொட்டிக்குப் பொருந்துற சின்ன மீன்தான். சார்ட்லயும் பச்சைதான் இருக்கும். ஆனா ரெண்டாவது கேள்வி ஞாபகம் இருக்கா, என்ன சாப்பிடுது? மாண்டரின் நாள் முழுக்க பாறை மேல மெதுவா ஊர்ந்து, கண்ணுக்குத் தெரியாத அளவுல இருக்கிற கோபிபாடுன்னு ஒரு பூச்சியைக் கொத்திக்கிட்டே இருக்கும். அதுவும் உங்க தொட்டி மாதிரி புதுசா உலர் பாறை வச்ச இடத்துல அந்தப் பூச்சி ரொம்பக் கம்மி. சிக்ஸ் லைன் ராஸும் அதையேதான் வேட்டையாடும், ஆனா பத்து மடங்கு வேகமா. அங்க சண்டையே நடக்காது. ஒருத்தர் சாப்பிட்டு முடிச்சுடுவார், இன்னொருத்தர் நிறம் மாறாம அழகா இருந்துக்கிட்டே வயிறு ஒட்டிப் போவார். மேல இருந்து பார்த்தா மாண்டரினோட வயிறு உள்வாங்கி இருக்கும். மாண்டரின் போன பிறகு 'ஒரு சண்டை கூட இல்லையே, எப்படிச் செத்துச்சு'ன்னு கேட்பாங்க. தோக்கறதுக்குச் சண்டை அவசியமில்ல.

அதனால ரெண்டுல ஒண்ணுதான். மாண்டரின் வேணும்னா தொட்டிக்கு ஒரு வருஷமாவது ஆகட்டும், பூச்சி பெருகட்டும், ராஸ் வேண்டவே வேண்டாம். ராஸ் வேணும்னா மாண்டரினை மறந்துடுங்க. அதையும் எல்லாருக்கும் கடைசியா விடுங்க, ஏன்னா கொஞ்சம் வளர்ந்ததும் அது தெரு ரவுடி ஆகிற பழக்கம் உண்டு. எனக்குன்னா நான் மாண்டரினுக்காகக் காத்திருப்பேன்.

க்ரீன் க்ரோமிஸ் அஞ்சு. கூட்டமா நீந்துற காட்சி ஆசையா இருக்கும். கடல்ல நூத்துக்கணக்குல சேர்ந்து இருக்கும்போது ஒருத்தர் மேல விழற அடி பரவிப் போயிடும். அஞ்சு பேர் மட்டும்னா, ஒரு தலைவன், ஒரு அடிமாடு. அடிமாடு போனதும் அடுத்தது அடிமாடு ஆகும். பல தொட்டிகள்ல அஞ்சு மெதுவா ஒண்ணோ ரெண்டோ ஆகிறதைப் பார்க்கலாம். கூட்டம்னா சேரும்னு அர்த்தம் இல்ல. எடுத்துடுங்க.

ராயல் கிராமா. நல்ல தேர்வு. முன்பாதி ஊதா, பின்பாதி மஞ்சள், 8 சென்டிமீட்டர். பொந்துக்குள்ள தலைகீழாக்கூட நிக்கும். ஒண்ணு மட்டும்னா நிம்மதி. ஆனா ஒரு எச்சரிக்கை. ராயல் கிராமா கரீபியன் கடல் மீன். நம்ம பக்கம் சுலபமா வர்றது பசிபிக் பகுதியில இருந்து வர்ற ராயல் டாட்டிபேக். அதுவும் பாதி ஊதா, பாதி மஞ்சள். பேர்லயும் ராயல். குணம் மட்டும் வேற, சாதுவான சின்ன மீன்களை விரட்டியே ஓய்ச்சுடும். கடையில எப்படிக் கண்டுபிடிக்கிறது? டாட்டிபேக்ல ஊதாவும் மஞ்சளும் ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரி பிரியும். கிராமாவுல ஒண்ணுல ஒண்ணு புள்ளி புள்ளியா கலந்து மாறும், முதுகுத் துடுப்புல முன்பக்கம் ஒரு கருப்புப் பொட்டு இருக்கும். பேரை நம்பாதீங்க, மீனைப் பாருங்க. கிராமா கிடைக்கலைன்னா அந்த இடத்தைக் காலியா விடுங்க.

ஃபயர்ஃபிஷ். தாராளமா வைக்கலாம். ஆனா இதுதான் இந்தத் தொட்டியோட ரொம்பப் பயந்த ஜீவன். பயந்தா பொந்துக்குள்ள பாயும், இல்லைன்னா மேல பாயும். மேல பாய்ஞ்சா தரைதான். கண்ணாடியோ வலையோ போட்ட மூடி இல்லாம இதை வாங்காதீங்க.

க்ளௌன் ரெண்டு. இதுவும் நல்லது, ஆனா ரெண்டே ரெண்டு, ஒரே இனம். படத்துல சொல்லாத ஒரு விஷயம்: க்ளௌன் மீன்கள் முதல்ல ஆணாத்தான் இருக்கும். கூட்டத்துல பெருசு எதுவோ அது பெண்ணா மாறும், அடுத்தது அதுக்கு ஜோடி. அதனால ஒரே அளவுல ரெண்டு வாங்காம ஒண்ணு கொஞ்சம் பெருசு, ஒண்ணு சின்னதுன்னு வாங்கினா யார் பெரியவங்கங்கிற தகராறு சீக்கிரம் முடியும். மூணாவதா ஒண்ணைப் போட்டா அதுக்குத் தொட்டியில வேலை இல்ல. அனிமோன், அதான் கடல் சாமந்தி, கட்டாயம் வேணுமான்னு எல்லாரும் கேட்கறாங்க. வேண்டாம். அது இல்லாமலே க்ளௌன் நல்லா வாழும். அனிமோனைப் புதுத் தொட்டியில காப்பாத்தறதுதான் கஷ்டம். அது நகரும், வழியில இருக்கிற பவளத்தைக் கொட்டும், பம்புல போய் மாட்டும்.

இப்ப தம்பியோட மீன். ப்ளூ டேங். கடையில விரல் நீளம் இருக்கும். வளர்ந்தா 30 சென்டிமீட்டரைத் தொடும். உங்க தொட்டியோட அகலம் 45 சென்டிமீட்டர். திரும்பறதுக்கே யோசிக்கணும். கடல்ல நாள் முழுக்க நீந்துற மீன் இது. ஆறடிக்குக் குறைஞ்ச தொட்டியில அது வளரும்போது பதற்றமாகும், பதற்றமானா முதல்ல வெள்ளைப்புள்ளி பிடிக்கிறது இதுக்குத்தான். வால் அடியில கத்தி மாதிரி ஒரு முள் வேற இருக்கு, சர்ஜன் மீன்னு பேரே அதனால வந்தது. மத்த மீனைக் கீறுறது அதாலதான். 'இப்ப சின்னதுதானே, பெருசானா பெரிய தொட்டி வாங்கிக்கலாம்'னு எல்லாரும் சொல்வாங்க. உங்க வீட்டு ஹால்ல ஆறடித் தொட்டிக்கு இடம் இருக்கா, வாடகை வீடா, தரை தாங்குமான்னு இன்னைக்கே பதில் இருந்தா வாங்குங்க. பதில் இல்லைன்னா, அந்த வாக்குறுதிக்கு நடுவுல மாட்டிக்கிறது மீன்தான்.

தம்பிகிட்ட என்ன சொல்றது? 'டோரி வேண்டாம்'னு மட்டும் சொன்னா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவான். பதிலுக்கு அவனுக்கு வேற ஒண்ணு காட்டுங்க. வாட்ச்மேன் கோபின்னு ஒரு மஞ்சள் மீன், அதோட பிஸ்டல் இறால் ஒண்ணு. இறாலுக்குக் கண் சரியாத் தெரியாது, ஆனா நாள் முழுக்க மணல்ல பொந்து தோண்டும். கோபிக்குத் தோண்டத் தெரியாது, ஆனா கண் கூர்மை. இறால் வெளிய வரும்போது ஒரு மீசையைக் கோபி மேல வச்சுக்கிட்டே இருக்கும். ஆபத்துன்னா கோபி வாலை ஆட்டும், ரெண்டு பேரும் உள்ள. இதைக் கடல்லயும் அப்படித்தான் செய்யுது, தொட்டியிலயும் அப்படித்தான் செய்யும். ஒரு பையன் மணிக்கணக்குல உட்கார்ந்து பார்ப்பான்.

இன்னும் ஒரு இடம் இருக்கு. பாங்காய் கார்டினல், வெள்ளியில கருப்புப் பட்டை போட்டது, 8 சென்டிமீட்டர். அவசரமே இல்லாத மீன். ஆனா ரெண்டு ஆண் சேர்ந்தா அடிச்சுக்கும். ஏற்கனவே ஜோடி சேர்ந்ததுன்னு கண்ணால பார்த்தா ரெண்டு வாங்குங்க, இல்லைன்னா ஒண்ணு.

ஆக 14 மீன், 7 ஆயிடுச்சு. ஃபயர்ஃபிஷ் 1, கோபி 1, கார்டினல் 2, கிராமா 1, க்ளௌன் 2. ஒரு வருஷம் கழிச்சு மாண்டரின். குறைச்சலா தெரியுதா? பாருங்க, மணல்ல ஒருத்தர், பொந்துல ஒருத்தர், நடுத்தண்ணியில அசையாம ரெண்டு பேர், மேல ஒருத்தர், மூலையில ஒரு ஜோடி. யாரும் யாரோட வாசல்லயும் நிக்கல.

இப்ப வரிசை. தேர்வுல பாதி வேலை இதுதான், ஆனா இதைக் கடையில சொல்ல மாட்டாங்க. எந்த விலங்கும் முதல்ல வந்து உட்கார்ந்த இடத்துக்கு ரொம்ப உரிமை கொண்டாடும். பஸ்ல துண்டு போட்ட கதைதான். அதனால பயந்த மீன் முதல்ல, முரடு கடைசியில. உங்க பட்டியல்ல முதல்ல ஃபயர்ஃபிஷும் கோபியும். ரெண்டு மூணு வாரம் கழிச்சு கார்டினல். அப்புறம் கிராமா. க்ளௌன் கடைசி. நம்ம ஊர்ல வழக்கமா நடக்கிறது என்ன? விலை கம்மி, கெட்டி மீன்னு சொல்லி டேம்சலை முதல்ல விடறது. அது தொட்டி முழுக்கப் பட்டா போட்டுக்கும். பின்னாடி வர்ற ஒவ்வொருத்தரும் அதுக்கு ஆக்கிரமிப்பாளர். திருப்பிக் குடுக்கலாம்னு நினைச்சா, பாறை வச்ச தொட்டியில ஒரு டேம்சலைப் பிடிக்க மொத்தப் பாறையையும் வெளிய எடுக்க வேண்டி வரும்.

இதுல இன்னொரு லாபம், ஒரே நாள்ல ஏழு மீனோட கழிவு விழுந்தா புதுத் தொட்டியோட பாக்டீரியா தாங்காது. கொஞ்சம் கொஞ்சமா ஏறினா அதுவும் கூடவே பெருகும். வண்டி வாடகை நாலு தடவை ஆகும், ஒத்துக்கிறேன். செத்த மீனோட விலையை விட அது கம்மி.

ஒவ்வொரு மீனும் உள்ள போறதுக்கு முன்னாடி தனித் தொட்டியில குறைஞ்சது நாலு வாரம். பாறை, பவளம் இருக்கிற தொட்டியில காப்பர் மருந்து விட முடியாது, இறாலும் பவளமும் செத்துடும். நோயை வாசல்லயே நிறுத்தினாதான் உண்டு. அப்புறம் முதல் ரெண்டு நாள், ஓட்டை போட்ட தெளிவான பிளாஸ்டிக் பெட்டியில வச்சு அதைத் தொட்டிக்குள்ளயே தொங்க விடுங்க. பழைய மீன்கள் வந்து முறைக்கும், முட்டிப் பார்க்கும், அலுத்துப் போகும். அலுத்த பிறகு திறங்க, அதுவும் விளக்கு அணைச்சுட்டு.

திறந்த பிறகு ஒரு நாள், ரெண்டு நாள் துரத்தறது சகஜம். எப்ப பயப்படணும்? துடுப்பு கிழிஞ்சிருந்தா. தண்ணி மேல்மட்டத்துல ஒரு மூலையில அசையாம நின்னா. எல்லாரும் சாப்பிட வரும்போது ஒருத்தர் மட்டும் வரலைன்னா. 'பழகிடும்'னு ஒரு வாரம் விடாதீங்க, அன்னைக்கே பிரிங்க. அதுக்கும் அந்தத் தனித் தொட்டிதான் உதவும்.

முடிக்கிறதுக்கு முன்னாடி, இந்த மீன்கள் எங்க இருந்து வருதுன்னு ஒரு வார்த்தை. கப்பி, மோலி மாதிரி நன்னீர் மீன்கள்ல பெரும்பாலும் பண்ணையில பொறந்தது. கடல் மீன்ல பெரும்பாலானது இன்னும் கடல்ல இருந்து பிடிச்சதுதான். பிலிப்பைன்ஸ் பக்கம் பாறைக்குள்ள சயனைடு பீய்ச்சி மீனை மயக்கிப் பிடிக்கிற கொடுமை 1960-கள்ல இருந்து நடந்திருக்கு. அந்த மீன் கடையில நல்லாத்தான் நீந்தும், சில வாரத்துல போயிடும். நான் சொன்ன பாங்காய் கார்டினல், இந்தோனேசியாவுல ஒரு சின்னத் தீவுக்கூட்டத்தோட மீன். தொட்டிக்காகப் பிடிச்சுப் பிடிச்சே 2007-ல அழிவுப் பட்டியல்ல ஏறிடுச்சு. ஆனா அதுவே தொட்டியில நல்லா குஞ்சு பொரிக்கும், ஆண்தான் முட்டையை வாய்ல வச்சு வளர்க்கும். அதனால பண்ணையில பொறந்ததான்னு கேட்டு வாங்குங்க, இல்லைன்னா விட்டுடுங்க.

க்ளௌன் விஷயத்துல நமக்குச் சாக்கே கிடையாது. விழிஞ்ஞத்துலயும் மண்டபத்துலயும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும், பரங்கிப்பேட்டையில அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் க்ளௌனை முட்டையில இருந்து வளர்த்துக் காட்டியிருக்காங்க. பண்ணைக் குஞ்சு தீனிக்குப் பழகினது, தொட்டிக்குப் பழகினது. ப்ளூ டேங்கை முதல் தடவை அப்படி வளர்த்ததே 2016-லதான், ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்துல.

சட்டமும் தெரிஞ்சுக்கோங்க. கடல்குதிரை, பாறை கட்டுற கல் பவளம், கடல் விசிறி எல்லாம் 2001-ல வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட பட்டியலுக்குள்ள வந்துடுச்சு. 'ராமேஸ்வரத்துல இருந்து எடுத்தது, நிஜப் பவளப்பாறை'ன்னு யாராவது காட்டினா அது பெருமை இல்ல, வழக்கு. மென்பவளம் வாங்கினாலும் எங்க இருந்து வந்தது, பில் இருக்கான்னு கேளுங்க. கடல்குதிரையை, சட்டத்தை விடுங்க, இன்னைக்குப் பேசின கேள்வியை வச்சே பாருங்க. மெதுவா சாப்பிடுற ஜீவன். அது ஒரு வாய் வைக்கிறதுக்குள்ள மத்தவங்க தட்டையே காலி பண்ணிடுவாங்க.

சரி, வீட்டுப்பாடம். கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு தாள் எடுங்க. உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச மீன் எதுவோ, முரடு எதுவோ, அதை அடியில கடைசி வரியில எழுதுங்க. அதுக்கு மேல, அதோட வாழக்கூடியவங்களை ஒவ்வொருத்தரா எழுதிக்கிட்டே வாங்க. ஒவ்வொரு பேருக்கும் பக்கத்துல வளர்ந்த நீளம், என்ன சாப்பிடும், எங்க ஒளியும். இந்த மூணுல ஒண்ணு தெரியலைன்னாலும் அந்தப் பேரை அடிச்சுடுங்க. தாள்ல இல்லாத மீன் கடையில எவ்வளவு அழகா இருந்தாலும் அன்னைக்கு வாங்காதீங்க. ஃபோட்டோ எடுத்துட்டு வாங்க, வீட்டுக்கு வந்து படிச்சுட்டு அடுத்த வாரம் முடிவு பண்ணுங்க.

நல்லா பார்த்துக்கிட்ட க்ளௌன் மீன் 20 வருஷத்துக்கு மேலயும் வாழ்ந்திருக்கு. நீங்க வேலை மாறலாம், ஊர் மாறலாம், கல்யாணம் ஆகலாம். அதோட ஊர் அந்த நாலடிதான். அந்த ஊர்ல அக்கம்பக்கத்துல யார் இருக்கணும்னு முடிவு பண்றது அது இல்ல, நீங்க. அதுக்காக ஒரு சாயங்காலம் உட்கார்ந்து யோசிக்கிறது பெரிய விஷயமே இல்ல.

அடுத்த எபிசோட்ல அந்தத் தனித் தொட்டியை வீட்ல கம்மி செலவுல எப்படி அமைக்கிறது, கரண்ட் போனா பம்பும் சில்லரும் என்ன பண்றதுன்னு பேசலாம். அதுவரைக்கும் மூடியை மூடி வைங்க. பார்க்கலாம்.